பட்டினும் பள்ளி பெரிது!

ஆண்டுதோறும் மேத் திங்களில் பள்ளியிறுதித் தேர்வின் முடிவுகள் வெளிவந்தவுடன் காஞ்சி மாநகரின் தெருக்கள் புதுக்கோலம் பூணுகின்றன. காந்தி சாலைப் பட்டுக் கடைகளின் நடுவிலும், பேருந்து நிலையத்தின் முகப்பிலும், தேரோடும் தெருக்களின் முனைகளிலும் பெருந்தட்டிகள் எழுகின்றன. தட்டியில் ஒரு பிள்ளையின் முகம். முகத்தின் கீழ் மதிப்பெண். மதிப்பெண்ணின் கீழ்ப் பள்ளியின் பெயர். பெயரின் கீழ் 'மாணவர் சேர்க்கை நடைபெறுகின்றது' என்னும் அறிவிப்பு. பிள்ளை உழைத்துப் பெற்ற வெற்றி, பள்ளி விற்கும் சரக்கின் மேலட்டையாகி விடுகின்றது.

முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று பிள்ளைகளை நிரல்படுத்தி அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டரசு 2017ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டது. பிஞ்சு உள்ளங்களை வாட்டிய அவ் வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆயின் அரசு கைவிட்டதை வணிகம் கையிலெடுத்துக்கொண்டது. ஊரின் பெருமை எது என்பதை ஊர் முடிவு செய்யவில்லை. தட்டி வைக்கப் பணமுள்ளவர் முடிவு செய்கின்றனர்.

பிள்ளைகளைப் பாராட்டுதல் வேண்டாவென்று எவரும் கூறார். தன் பிள்ளைகளின் வெற்றியில் மகிழாத ஊர் ஊரன்று. வெறுங் கட்டடத் தொகுதியே. ஆனால், எந்த வெற்றியைப் பாராட்டுவது, எவர் பிள்ளையைப் பாராட்டுவது, எந்த மொழியிற் கற்றவரைப் பாராட்டுவது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே பாராட்டு பொருளுடையதாகும். காஞ்சியின் கல்வி வரலாறு அவ் விடையைத் தெளிவாகவே தருகின்றது.

கடிகையும் பள்ளியும்

கல்வியிற் சிறந்த ஊர் காஞ்சி என்பது பழம்பெருமை. கடம்ப அரசை நிறுவிய மயூரசன்மன் தன் ஆசானுடன் காஞ்சியின் கடிகைக்குக் கற்க வந்தான் என்பதைக் கன்னட நாட்டுத் தாளகுண்டாக் கல்வெட்டுக் கூறுகின்றது. 7ஆம் நூற்றாண்டிற் சீனத் துறவி யுவான் சுவாங் இந்நகரைக் கண்டு குறிப்பெழுதினார். மணிமேகலைக் காப்பியமும் தன் தலைவியைக் கச்சி மாநகர்க்கே கொணர்ந்து அறம் கேட்பிக்கின்றது.

இப் பெருமையைப் பேசுவோர் ஒன்றை மட்டும் பேசுவதில்லை. கடிகையிற் கற்பிக்கப் பெற்றது வடமொழி மறைநூற் கல்வி. கற்றவர் ஒரு சாரார். அக் கடிகையின் வாயிலுக்கு அணித்தே தறி நெய்தவனின் மகனுக்கு அங்கே இடமில்லை; அவன் பேசிய மொழிக்கும் இடமில்லை. பல்லாயிரம் கல் கடந்து வந்த சீனர்க்குத் தெரிந்த காஞ்சியின் கல்வி, பக்கத்துத் தெருவின் நெசவாளர்க்குத் தெரியாமற் போயிற்று. ஆகவே, காஞ்சியின் உண்மையான கல்விப் பெருமை நெசவாளர் பிள்ளை பள்ளியின் படியேறிய நாளிலேதான் தொடங்குகின்றது.

அந்தப் படியை அமைத்தவருள் ஒருவர் பச்சையப்பர். 1794இல் மறைந்த அவ் வள்ளல் விட்டுச் சென்ற அறப்பொருள் நெடுங்காலம் வழக்கிற் கிடந்து, இறுதியில் முறைமன்றத்தின் முடிவால், கோயிற் கட்டளைகளுக்குப் போக எஞ்சியது கல்விக்கென ஒதுக்கப் பெற்றது. கோயிற்றொண்டுக்கென எழுதி வைத்த பொருளின் மிச்சம், எழுத்தறியாதார்க்கு எழுத்தறிவிக்கும் தொண்டாக மலர்ந்தது. காஞ்சியில் எழுந்த பச்சையப்பன் பள்ளி அவ் வறத்தின் கிளையே.

அப் பள்ளியிற் பயின்ற நெசவாளர் குடும்பத்துப் பிள்ளையொருவர் அறிஞர் அண்ணா. 1909ஆம் ஆண்டு செபுதம்பர் 15ஆம் நாள் காஞ்சியிற் பிறந்த அவர், குடும்பத்தின் வறுமையால் சில காலம் படிப்பை விட்டு நகராட்சியில் எழுத்தராக உழைத்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து பட்டம் பெற்றார். 1967இல் முதலமைச்சரான அவர், அவ் வாண்டு சூலை 18ஆம் நாள் 'தமிழ்நாடு' என்னும் பெயருக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதலைப் பெற்றார். 1968ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் பள்ளிகளிலிருந்து இந்தியை நீக்கி இருமொழிக் கொள்கையை நிலைநாட்டினார். இன்று தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளை எவ்வெம் மொழிகளைக் கற்கின்றது என்பதை முடிவு செய்தவர், ஒரு காலத்திற் காஞ்சிப் பள்ளியின் பலகையில் அமர்ந்திருந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளையே என்பதை எண்ணிப் பார்க்குக! படிப்பை விட்டு எழுத்தர் வேலைக்குச் சென்றபொழுதே அவர் அங்கேயே நின்றிருப்பின், தமிழ்நாட்டின் இழப்பு எவ்வளவு பெரிதாயிருக்கும்! இன்றும் ஒவ்வோர் ஆண்டும் பாதியிற் படிப்பை விடுகின்ற பிள்ளைகளுள் எத்தனை அண்ணாக்கள் உளரென்று எவர் கண்டார்?

ஊர் கூடி இழுத்த தேர்

காஞ்சியை அடுத்த நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரில் 1912இற் பிறந்தவர் நெ. து. சுந்தரவடிவேலு. பெருந்தலைவர் காமராசர் 1954இல் முதலமைச்சரானபின் கல்வித்துறையின் இயக்குநராகி, பின்னாளிற் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமான அப் பெருமகனார் தமிழ்நாட்டின் கல்விக்குச் செய்த தொண்டை இற்றைத் தலைமுறை போதிய அளவு அறியவில்லை. 1956இற் தொடங்கிய பள்ளிப் பகலுணவுத் திட்டத்தை ஊரூராகப் பரப்பியவர் அவர். அத் திட்டம் முதலில் அரசின் பணத்தால் நடந்ததன்று. ஊர் மக்கள் பிடியரிசியும் பருப்புமாகக் கொடுத்த கொடையால் நடந்தது. அரசு பின்னரே பங்கேற்றது.

அதனினும் பெரிது 1958 முதல் அவர் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் முளைவிட்ட அவ் வியக்கம் தமிழ்நாடெங்கும் பரவிற்று. மாநாட்டுக்கு முன்னரே ஒவ்வோர் ஊர்ப் பள்ளிக்கும் என்னென்ன தேவையெனப் பட்டியல் எழுதப்படும். ஒருவர் கரும்பலகை தருவார். ஒருவர் நாற்காலி தருவார். ஒருவர் சுவர்க்கு வெள்ளையடிப்பார். ஒருவர் நிலமே எழுதி வைப்பார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடைகளும் அவ்வாறே வந்து குவிந்தன. பணக்காரர் மட்டுமே கொடுத்தாரல்லர். தாமே கல்லாத உழவரும் கூலியரும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். ஒவ்வொருவர் கொடையையும் ஊரறியப் படித்துப் பாராட்டினர்.

அது தேரிழுக்கும் முறை. காஞ்சி மக்களுக்குத் தேரைப் பற்றி எவரும் கற்றுத்தர வேண்டுவதில்லை. வடத்தைப் பற்றிய கைகளுள் இது பெரிய கை, இது சிறிய கை என்று தேர் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு கை குறைந்தாலும் நகர்வது அரிது. ஊர்ப் பெருமை என்பதற்கு அன்று வழங்கிய பொருள் அதுவே: ஊர் கொடுத்தது, பிள்ளை கற்றது, பிள்ளை கற்றதை ஊர் கொண்டாடியது. இன்று ஊர் கொடுப்பதில்லை. கட்டணம் கட்டிய பெற்றோர் கொடுக்கின்றனர். பள்ளி தட்டி வைத்துக்கொள்கின்றது. ஊர் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகின்றது.

கரைப்பக்கத்துப் பிள்ளை

காஞ்சிப் பட்டின் உயிர் கோர்வைக் கரை. சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறு நிறம். இரண்டும் இழை பிசகாமல் ஒன்றோடொன்று பின்னி நிற்கும். இதற்கு உடற்கு ஒன்றும் இரு கரைகட்கு ஒவ்வொன்றுமாக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெய்பவர் ஒருவரே இம் மூன்றையும் ஓட்டவியலாது. தறியின் ஒரு பக்கத்தே துணையாள் ஒருவர் அமர்ந்து கரை நாடாவை வாங்கித் தள்ளுதல் வேண்டும். அத் துணையாளாகத் தலைமுறை தலைமுறையாக அமர்த்தப் பெற்றது சிறு பிள்ளையே. பிஞ்சு விரல், குறைந்த கூலி, எதிர்த்துப் பேசாத வாய் ஆகிய மூன்றும் ஒருங்கே வாய்த்ததாற் பிள்ளை தறிக்கு உகந்ததாயிற்று. உலகம் வியக்கும் கரையின் ஓர் ஓரத்தில், படிக்கவேண்டிய பிள்ளையொன்றின் பகற்பொழுது நெய்யப்பட்டிருந்தது.

தம் வீட்டுத் தறியில் அமர்ந்த பிள்ளைகள் ஒருபுறமிருக்க, பெற்றோர் முன்பணம் வாங்கியதனால் பிறர் தறியிற் கட்டுண்ட பிள்ளைகள் ஆயிரக்கணக்கினர். மருத்துவச் செலவுக்கோ திருமணத்துக்கோ வாங்கிய கடன் வளர்ந்தது, கூலியோ வளரவில்லை. பிள்ளை நாடா தள்ளிக் கடனைத் தள்ள முயன்றது. இக் கொடுமையை அயல்நாட்டு மாந்தவுரிமை அமைப்பொன்று 2003ஆம் ஆண்டின் தன் அறிக்கையிற் காஞ்சியின் பெயரைச் சுட்டியே உலகறியச் செய்தது. பட்டாற் பெயர்பெற்ற ஊர் பிள்ளைகளாற் பழிபெற்றது.

இந் நிலை ஒரே நாளில் மாறவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச்சட்டம் வந்தது. 1996இல் உச்ச முறைமன்றம் சிவகாசி வழக்கில், பிள்ளையை வேலைக்கமர்த்தியவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 உருபா கட்டவேண்டுமென்று தீர்ப்பளித்தது. தறியினின்று மீட்கப் பெற்ற பிள்ளைகட்கெனச் சிறப்புப் பள்ளிகள் காஞ்சி வட்டாரத்தில் நடைபெற்றன. அவற்றில் எழுத்தறிந்த பிள்ளைகள் பொதுப் பள்ளிகளிற் சேர்ந்தனர். சிலர் கல்லூரிகளையும் பொறியியற் கூடங்களையும் எட்டினர். பன்னிரண்டு அகவையிற் தறிக்குழியினின்று எழுந்து முதல் வகுப்புப் பாடத்தைத் தொட்ட பிள்ளை, பள்ளியிறுதித் தேர்விற் பெறும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் எத்தகையது! அறுநூற்றுக்கு அருகிற் பெற்ற மதிப்பெண்ணோடு அதனை ஒப்பிட எந்த அளவுகோலாலும் இயலாது. காஞ்சியின் தேரடியிற் தட்டி வைக்கத் தக்க வெற்றி அதுவே. ஆனால் அதற்குத் தட்டி வைத்தவர் எவருமிலர்.

அரை நாட் படிப்பு

நெசவாளர் பிள்ளையைத் தறிக்கே திருப்பும் முயற்சி சட்டத்தின் வழியாகவும் வந்ததுண்டு. 1953இல் இராசாசி அரசு சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதிற் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்குமாறு திட்டம் வகுத்தது. 'குலக்கல்வி' என்று தமிழ்நாடே கொதித்தெழுந்தது. 1954இற் காமராசர் பொறுப்பேற்றவுடன் அத் திட்டம் நீக்கப்பட்டது. அது நிலைத்திருப்பின் காஞ்சியைச் சூழ்ந்த நெசவூர்களில் ஒரு தலைமுறையே அரைக் கல்வியோடு நின்றிருக்கும்.

இன்று அது பழங்கதையென்று எவரும் அமைதி கொள்ளற்க. 2016ஆம் ஆண்டிற் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப் பெற்றபொழுது, பதினான்கு அகவைக்குட்பட்டோரை வேலைக்கமர்த்துதல் எல்லாத் தொழில்களிலும் தடுக்கப் பெற்றது. உடனே, பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலிற் பிள்ளை துணைபுரியலாம் என்று ஒரு வாயிலும் திறந்து வைக்கப்பட்டது. குடும்பத் தொழில் மிக்க ஊர் எது? தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊர் எது? அவ் வாயில் காஞ்சியின் வீடுகளுக்கே திறந்தது போலன்றோ உள்ளது! மாலையில் நாடா தள்ளிய கை இரவிற் பொத்தகத்தைத் தொடுமா? பகலிற் பள்ளியிற் கண் விழித்திருக்குமா?

'எல்லாப் பிள்ளைகளும் படிக்கச் சென்றுவிட்டால் கோர்வைக் கரையை யார் நெய்வது? கலை அழிந்து போகாதா?' என்று கேட்போர் உளர். கலை பிள்ளையின் படிப்பை உண்டுதான் வாழவேண்டுமெனின், அது கலையன்று. துணையாள் வேண்டுமா? அகவை வந்த ஒருவரை அமர்த்துக; அவர்க்கு உரிய கூலியைக் கொடுக்க. சேலையின் விலையில் நெய்தவர்க்குச் சேரும் பங்கு உயர்ந்தால், படித்த இளைஞரும் விரும்பித் தறியேறுவர். கூலி உயராமையே கலையை அழிக்கின்றது, கல்வி அழிப்பதில்லை.

எந்த மொழியிற் கற்றவர்?

மூன்றாம் வினா மொழியைப் பற்றியது. தட்டிகளிற் சிரிக்கும் முகங்களுட் பெரும்பாலானவை ஆங்கிலவழிப் பள்ளிகளின் முகங்கள். தமிழ்வழிப் பிள்ளை அதே தேர்வை எழுதி, அதே மதிப்பெண்ணைப் பெற்றாலும் அதனைத் தூக்கிப் பிடிக்க ஆளில்லை. ஊர் எதனைப் புகழ்கின்றதோ அதனையே பெற்றோர் நாடுவர். ஆங்கிலவழியே அறிவின் வழியென்னும் மயக்கம் தெருமுனைத் தட்டியிலிருந்தே வீட்டுக்குள் நுழைகின்றது.

சட்டத்தால் இதனைத் தடுக்கத் தமிழ்நாடு முயன்றது. தமிழறிஞர்கள் உண்ணாநோன்பிருந்து போராடியதன் விளைவாக, ஐந்தாம் வகுப்புவரை தாய்மொழிவழிக் கல்வியை வற்புறுத்தும் அரசாணை 1999இல் வந்தது; 2000இல் சென்னை உயர் முறைமன்றம் அதனைச் செல்லாதாக்கிற்று. கருநாடகத்தின் அத்தகைய முயற்சியையும் 2014இல் உச்ச முறைமன்றம் தள்ளிற்று. அதற்கு முன்னரே, 2013ஆம் ஆண்டையொட்டி அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருக்கப் பெற்றன. எனவே கட்டாயத்தின் வாயில் இன்று அடைபட்டுக் கிடக்கின்றது.

ஆனால் பெருமையின் வாயிலை எந்த மன்றமும் அடைக்கவியலாது. ஓர் ஊர் தன் தமிழ்வழிப் பிள்ளைகளை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினால், அதனைத் தடுக்கும் தீர்ப்பு எங்குமில்லை. சட்டத்தால் இயலாததைச் சால்புடையோர் பாராட்டால் இயற்றலாம்.

தமிழ்வழியிற் கற்றவர் தாழ்ந்து போகவுமில்லை. கோவை மாவட்டத்துக் கோதவாடியிற் பிறந்து தமிழ்வழியிற் கற்ற மயில்சாமி அண்ணாதுரை, 2008இல் நிலவை நோக்கிச் சென்ற முதற் சந்திரயான் திட்டத்தின் இயக்குநர். குமரி மாவட்டத்து உழவர் மகனாக அரசுப் பள்ளியிற் தமிழ்வழியிற் கற்ற சிவன், 2018 முதல் 2022 வரை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர். நிலவுக்கு வழிகாட்டிய மொழி, நிலத்தில் வேலைக்கு வழிகாட்டாதா? அரசும் சில கதவுகளைத் திறந்துள்ளது. தமிழ்வழியிற் கற்றார்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு 20 இடங்களை முன்னுரிமையாக வழங்கும் சட்டம் 2010இல் வந்தது. பள்ளி முதற்கொண்டே தமிழ்வழியிற் கற்றிருத்தல் வேண்டுமென 2020இல் அது இறுக்கப் பெற்றது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் 2020இல் வந்தது. இவ் வுரிமைகளைப் பிள்ளையின் காதுக்கும் பெற்றோரின் காதுக்கும் கொண்டு செல்வது ஊரின் கடமை.

செய்யத் தக்கன

பழம்பெருமை பேசுவதோடு நில்லாது காஞ்சி மக்கள் கைக்கொள்ளத் தக்கன ஐந்து:

1. ஆண்டுதோறும் பொங்கற் காலத்தில் வட்டத்துக்கொரு கல்வி விழாவை ஊரே நடத்துக. தனிப் பள்ளியின் விழாவாக அன்றி, வட்டத்தின் அரசுப் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும் ஒருங்கே கூடும் விழாவாக அமைக.

2. முதன் மதிப்பெண் பெற்றாரை மட்டும் அழையற்க. தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளியிறுதி தேறிய ஒவ்வொரு பிள்ளையையும், அப் பிள்ளையைத் தறியில் அமர்த்தாது பள்ளிக்கு விடுத்த தாய்தந்தையரையும் மேடையேற்றுக. கூலியிழந்து பிள்ளையைப் படிக்க வைத்த தாயின் கையிற் பரிசிலைக் கொடுக்க.

3. முதல் வகுப்பிற் சேர்ந்தார் எத்துணையர், பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார் எத்துணையர் என்பதை ஒவ்வொரு பள்ளியும் அவ் விழாவிற் படிக்க. இடையில் நின்ற பிள்ளை எங்கே என்று ஊர் கேட்க. அக் கேள்வியே பாதிப் பிள்ளைகளை மீட்கும்.

4. பட்டு வணிகரும் கூட்டுறவு நெசவாளர் கழகத்தாரும் பள்ளிக்கொரு நூலகத்தையோ ஆய்வுக்கூடத்தையோ ஏற்றுக்கொள்க. தம் பட்டு எவர் கையால் உருவாயிற்றோ அவர் பிள்ளைக்குச் செலுத்தும் கடன் அது, கொடையென்று கருதற்க.

5. தமிழ்வழியிற் தேறியார்க்கு முதன்மை தருக. அழைப்பிதழும் பாராட்டிதழும் நல்ல தமிழில் அமைக. பிள்ளையின் பெயரும் முன்னெழுத்தும் தமிழிலேயே பொறிக்கப் பெறுக.

இவற்றுள் எதற்கும் புதுச்சட்டம் வேண்டுவதில்லை, பெரும்பொருள் வேண்டுவதில்லை. நெய்யாடுபாக்கத்துப் பெருமகனார் காட்டிய வழி முன்னரே உள்ளது. அவர் காலத்திற் காஞ்சி மக்களிடம் இன்றுள்ள செல்வம் இல்லை. இன்று இல்லாத ஊர்ப்பற்று இருந்தது.

தறியிற் பாவு நீண்டு கிடக்கும்; ஊடை குறுக்கே ஓடிச் சேர்ந்தாலன்றித் துணியாகாது. பிள்ளையின் உழைப்பு பாவு. ஊரின் பற்று ஊடை. ஒன்றில்லாமல் ஒன்று நில்லாது. தறிக்குழியினின்று எழுந்து, தாய்மொழியிற் கற்று, தலைநிமிர்ந்து நிற்கும் பிள்ளையே காஞ்சி நெய்த பட்டுகளுட் சிறந்த பட்டு. அதற்குக் கடையில் விலையில்லை. விளம்பரத் தட்டியில் இடமில்லை. ஊரார் உள்ளத்தில் அதற்கு இடம் உண்டாகுக! காஞ்சி எழுக! தமிழ்வழிக் கல்வி தழைக்க!